கரும்புக்கு ஒரு டூல், மாம்பழத்துக்கு ஒரு டூல்

சித்தூர் லேத் பட்டறைகளுக்கும் பருவம் உண்டு என்று சொன்னால் வெளியூர் நண்பர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் பூதலப்பட்டு, தவணம்பள்ளி பக்கமிருந்து வெல்ல ஆலை ரோலர்கள் டிராக்டரில் வந்து இறங்கும். அது ஓய்வதற்குள் மாங்கூழ் ஃபேக்டரிக்காரர்கள் வந்துவிடுவார்கள். தோத்தாபுரி காய் இறங்கும் முன்னால் அவர்களுடைய ஷாஃப்ட்டுகள் எல்லாம் தயாராகி இருக்க வேண்டும். வெயில் ஏறினால் போர் மோட்டார் புஷ். நகரி, புத்தூர் விசைத்தறி சாமான்களும், கிரானைட் அறுக்கும் எந்திரங்களின் ஸ்பிண்டில்களும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

லேத் ஒன்றுதான், டர்னரும் ஒருவர்தான். வேலைக்கு வேலை மாறுவது டூல் போஸ்டில் நிற்கிற, விரல் நீளம்கூட வராத ஒரு துண்டு மட்டுமே. ட்ரில்லுக்கு இரண்டு வெட்டு விளிம்பு, மில்லிங் கட்டருக்குப் பல. லேத் டூலுக்கு ஒன்றே ஒன்று. ஷேப்பர், பிளேனர் டூல்களும் இதே சாதிதான். அந்த ஒரு விளிம்பு என்ன உலோகத்தில், எந்தத் திசையில், எவ்வளவு ஆழத்தில் இறங்கப் போகிறது என்பதுதான் டூலின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. புத்தகத்தில் டர்னிங், ஃபேசிங், போரிங், பார்ட்டிங், திரெடிங் என்று படம் போட்டு வரிசையாக இருக்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்தவர்களுக்கும் ஏன் இந்த வடிவம் என்று தெரிவதில்லை. அதனால் நான் வேலையிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் கரும்பு ரோலர். வார்ப்பிரும்பு. சாம்பல் நிற வார்ப்பிரும்புக்குள் கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும். டூல் போகும்போது உலோகம் சுருளாக வராது, உடைந்து தூளாகக் கொட்டும். தூளாகக் கொட்டும் உலோகத்துக்கு அதிகச் சரிவான மேல்முகம் தேவையில்லை. டூலின் மேல்முகம் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் சரிந்து போகிற கோணத்தை ரேக் என்கிறோம். வார்ப்பிரும்புக்கு அது ஐந்து டிகிரி வாக்கில் இருந்தால் போதும். ரேக்கைக் குறைத்தால் விளிம்புக்குக் கீழே சதை கூடும், அடி தாங்கும்.

இந்த ரோலரில் அடி நிறைய உண்டு. புது வார்ப்பு என்றால் மேல்தோலில் மணல் ஒட்டியிருக்கும். தோலே உள்சதையைவிடக் கடினமாக இருக்கும். முதல் கட்டிங்கை மெல்லியதாகப் போட்டால் டூலின் முனை முழுக்க மணலிலேயே உரசித் தேய்ந்துவிடும். அதனால் முதல் கட்டிங் ஆழமாகப் போட்டுத் தோலுக்கு அடியில் இறங்கிவிட வேண்டும். அரைத்துத் தேய்ந்த பழைய ரோலரில் வேறு கதை. கரும்பு அதிகம் நுழையும் நடுப்பகுதி பள்ளமாகி, இரண்டு ஓரமும் மேடாக நிற்கும். ஓர மேட்டை எடுத்துச் சமன் செய்த பிறகு, கரும்பைப் பிடித்து இழுக்கும் பள்ளங்களைத் திரும்பப் போட வேண்டும். அதற்கு ஃபார்ம் டூல். பள்ளத்தின் வடிவமே டூலின் முகத்தில் இருக்கும். நேராக உள்ளே தள்ள வேண்டும். விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் வெட்டுவதால் லேத் அதிரும், சத்தம் போடும். வேகத்தைக் குறைக்காமல் ஃபார்ம் டூல் போடுகிறவன் லேத்தைக் கெடுக்கிறான்.

வேகம் என்றால் எவ்வளவு? ரோலர் விட்டம் 200 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூலுக்கு நிமிடத்துக்கு 20 மீட்டர் வெட்டு வேகம் கொடுத்தால் ரோலர் நிமிடத்துக்குச் சுமார் 32 சுற்றுதான் சுற்ற வேண்டும். பேக் கியர் போட்டால்தான் பழைய பெல்ட் லேத்தில் அது கிடைக்கும். கார்பைடு முனை வைத்து 60 மீட்டர் கொடுத்தால் 95 சுற்று. ஒரு ரோலருக்கு முழு நாள் ஆகுமா, அரை நாளில் முடியுமா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் ரோலர் வேலைக்கு எங்கள் பக்கம் எல்லோரும் பித்தளையால் கார்பைடு துண்டை ஒட்டிய டிப் டூலைத்தான் எடுப்பார்கள்.

அடுத்த பருவம் மாம்பழம். கூழ் படுகிற இடமெல்லாம் ஸ்டெயின்லெஸ், பெரும்பாலும் 304 கிரேடு. வார்ப்பிரும்புக்குச் சொன்னதெல்லாம் இங்கே தலைகீழ். இந்த உலோகம் இழுபடும், உடையாது. சுருள் நீளமாக வந்து சக்கில் சுற்றும். சூட்டை எளிதில் கடத்தாது, அதனால் சூடெல்லாம் டூலின் முனையிலேயே தேங்கும். இதையெல்லாம்விட மோசமான குணம் ஒன்று உண்டு: டூல் வெட்டாமல் உரசினால் அந்த இடம் உடனே இறுகிவிடும். மொட்டை டூலோடு, பயந்து பயந்து மெல்லிய கட்டிங் போட்டால், அடுத்த சுற்றில் டூல் சந்திப்பது தான் இறுக்கி வைத்த தோலைத்தான். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் பிரயோஜனம் இல்லை. ஸ்டெயின்லெஸுக்கு விளிம்பு கூர்மையாக இருக்க வேண்டும், ரேக் தாராளமாக இருக்க வேண்டும், ஃபீடை, அதாவது டூலின் நகர்வை, நிறுத்தவே கூடாது. கூலண்ட் தடையில்லாமல் கொட்ட வேண்டும்.

இதே ஃபேக்டரிகளிலிருந்து பேரிங் ஹவுசிங்கும் வரும். உள்விட்டம் கடைய வேண்டும். இது போரிங் டூல். வெளியே கடைவதற்கும் உள்ளே கடைவதற்கும் உள்ள வேறுபாடு பல பேருக்குப் பிடிபடுவதில்லை. வெளியே கடையும்போது வேலைப் பொருள் டூலை விட்டு வளைந்து விலகிப் போகிறது. உள்ளே கடையும்போது அதே வளைவு டூலின் அடிவயிற்றை நோக்கி வருகிறது. துளை சின்னதாக ஆக ஆக டூலின் குதிகால் போய்ச் சுவரில் இடிக்கும். அதனால் விளிம்புக்குக் கீழே முன்முகம் பின்வாங்கும் கோணத்தை, அதாவது கிளியரன்ஸை, இரண்டு கட்டமாகப் பிடிக்க வேண்டும். விளிம்புக்கு உடனடியாகக் கீழே கொஞ்சம், அதற்கும் கீழே அதிகம். விளிம்புக்கு அடியில் பலம் இருக்கும், குதிகாலும் தட்டாது. டூல் சென்டருக்கு மேலே ஏறினால் வெளிக் கடைசலில் கிளியரன்ஸ் குறைந்து உரசும். உள்கடைசலில் அதே ஏற்றம் கிளியரன்ஸைக் கூட்டும். போரிங் பார் என்பது தூண்டில் கழி மாதிரி, நீட்ட நீட்ட ஆடும். எஃகு பாராக இருந்தால் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் வெளியே நீட்டக் கூடாது என்பது நல்ல கணக்கு.

கோடையில் போர் மோட்டாரின் கன்மெட்டல் புஷ் வரும்போது இன்னொரு பாடம். ஒரு பட்டறையில் நான் பார்த்தது இது. ஐ.டி.ஐ. முடித்து வந்த பையன் எம்.எஸ். ராடு கடைந்த அதே டூலோடு புஷ்ஷுக்குப் போனான். மேஸ்திரி கையைப் பிடித்து நிறுத்தினார். “ஏம்ப்பா, மேல சரிவு வச்சிருக்கியே, அது பித்தளைக்கு ஆகுமா? உள்ள இழுத்துக்கும்.” “அண்ணா, இது கன்மெட்டல்தானே, மெத்துன்னுதானே இருக்கும்?” “மெத்துன்னு இருக்கிறதாலதான் சொல்றேன். மேல தட்டையா பிடிச்சிட்டு வா.” பையன் கிரைண்டருக்குப் போய் மேல்முகத்தைத் தட்டையாக்கிக்கொண்டு வந்தான். புஷ் கண்ணாடிபோல வந்தது. பித்தளை, கன்மெட்டல் வகைகளில் ரேக் அதிகமிருந்தால் டூல் தானாகவே உள்ளே இறங்கிக் கவ்விக்கொள்ளும். ரேக்கைப் பூஜ்யமாக வைப்பதுதான் முறை. அலுமினியத்துக்கு நேர் எதிர், மேல்முகம் நன்றாகச் சரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் முனையிலேயே அப்பிக்கொள்ளும்.

மரை வெட்டும் டூலில் கோணம் இன்னும் கறார். மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. தண்ணீர்க் குழாய்களில் போடும் பி.எஸ்.பி. மரைக்கு 55 டிகிரி. இந்த ஐந்து டிகிரி வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குழாய் ஒழுகும்போது தெரியும். சென்டர் கேஜை டூலின் முனையில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம்கூட வெளிச்சம் கசியாத வரைக்கும் கல்லில் பிடிக்க வேண்டும். பிறகு அதே கேஜை வேலைப் பொருளோடு ஒட்டவைத்து டூலை நேராக நிறுத்த வேண்டும். டூல் சாய்ந்து நின்றால் மரையும் சாய்ந்துதான் விழும். நட்டு ஏறும், ஆனால் மரையின் ஒரு பக்கம் மட்டும்தான் சுமை தாங்கும். மரை டூலின் மேல்முகம் தட்டையாக இருக்க வேண்டும். அதில் ரேக் கொடுத்தால் முனையில் பிடித்த கோணம் மரையில் அப்படியே விழாது.

பார்ட்டிங் டூலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். பட்டறைகளில் அதிகம் உடையும் டூல் அதுதான். மூன்று மில்லிமீட்டர் அகல அலகு, சுற்றுகிற ராடுக்குள் நேராக இறங்கி அதைத் துண்டாக்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர். சுருள் வெளியே வர ஒரே வழி, மேல்பக்கம். அலகின் முன்புறம்தான் அகலம் அதிகமாக இருக்க வேண்டும், பின்னால் போகப் போகக் குறுக வேண்டும். கீழ்நோக்கியும் குறுக வேண்டும். எந்தப் பக்கத்திலும் உரசல் இருக்கக் கூடாது. சென்டர் உயரம் துல்லியமாக இருக்க வேண்டும். உயர்ந்தால் முகம் உரசும், தாழ்ந்தால் ராடு டூலின் மேல் ஏறும். அலகை எவ்வளவு குறைவாக வெளியே நீட்ட முடியுமோ அவ்வளவு குறைவாக நீட்டுங்கள். பாதி வழியில் பயந்து ஃபீடை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் உரசும், உரசினால் சூடாகும், அதிர்வு வரும், உடையும். சீரான கை, நிறைய எண்ணெய், குறைந்த வேகம். இந்த மூன்றும் இருந்தால் பார்ட்டிங் டூல் சத்தமில்லாமல் வேலை செய்யும்.

இந்த டூல்களின் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பு இருக்கிறது. கார்பன் எஃகு டூல்கள் 250 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே இளகிவிடும். அதனால் மெதுவாகத்தான் கடைய முடிந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் மஷட் 1868 வாக்கில் டங்ஸ்டன் கலந்த எஃகு கொண்டுவந்தார். அமெரிக்காவின் பெத்லஹேம் ஸ்டீலில் ஃபிரடெரிக் டெய்லரும் மான்செல் ஒயிட்டும் அதுபோன்ற எஃகை உருகும் நிலைக்குப் பக்கத்தில் வரை சூடாக்கிக் குளிரவைத்துப் பார்த்தார்கள். முனை மங்கிய சிவப்பாகத் தகதகக்கும்போதும் வெட்டுகிற டூல் பிறந்தது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அதை ஓட்டிக் காட்டியபோது ஐரோப்பிய எந்திரக்காரர்கள் அசந்து போனார்கள். அதுதான் இன்று நாம் கடையில் அரை இஞ்ச் பிட் என்று கேட்டு வாங்கும் ஹெச்.எஸ்.எஸ்.

டெய்லர் தொழிலாளர்களை ஸ்டாப்வாட்ச் வைத்து விரட்டினார் என்ற கசப்பு எனக்கும் உண்டு. ஆனால் உலோகம் கடைவது பற்றி அவர் 26 ஆண்டுகள் செய்த பரிசோதனைகளை, 1906-ல் அவர் வெளியிட்ட அறிக்கையை, மதிக்காமல் இருக்க முடியாது. வெட்டு வேகத்துக்கும் டூலின் ஆயுளுக்கும் உள்ள கணக்கு அதிலிருந்துதான் வந்தது. ஹெச்.எஸ்.எஸ். டூலில் வேகத்தை 20 சதவீதம் கூட்டினால் ஆயுள் கால் பங்குக்கும் கீழே விழும். கார்பைடில் அதே 20 சதவீதத்துக்கு ஏறக்குறைய பாதியாகக் குறையும். “கொஞ்சம் ஸ்பீடு ஏத்து, சீக்கிரம் முடியும்” என்று சொல்கிற முதலாளிகள் இந்தக் கணக்கைச் சுவரில் எழுதி ஒட்ட வேண்டும்.

கார்பைடு ஜெர்மனியிலிருந்து வந்தது. பல்பு இழை இழுக்கும் அச்சுக்காக 1920-களில் ஆஸ்ராமில் கார்ல் ஷ்ரோட்டர் உருவாக்கிய பொருளை க்ரூப் நிறுவனம் விடியா என்ற பெயரில் டூலாக்கியது. அந்தப் பெயர் 1960-களில் நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு தும்கூர் சாலைக்கு வந்து சேர்ந்தது. இன்று அது கென்னமெட்டல் இந்தியா. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் எந்தக் கம்பெனி கார்பைடாக இருந்தாலும் விடியா டூல் என்றே சொல்வார்கள். ஒரு எச்சரிக்கை: ஹெச்.எஸ்.எஸ்.ஸைக் கல்லில் பிடிக்கும்போது அடிக்கடி தண்ணீரில் முக்குவது பழக்கம். கார்பைடைச் சூட்டோடு முக்கினால் மயிரிழை வெடிப்பு விழும். அதற்குப் பச்சைக் கல்தான், தண்ணீர் வேண்டாம்.

இனி இன்சர்ட் பற்றி, அதாவது ஒட்டாமல் ஹோல்டரில் மாட்டி, தேய்ந்தால் திருப்பி மாட்டும் கார்பைடு முனை பற்றி. சித்தூரை விட்டுக் கிழக்கே போனால் காட்சி மாறுகிறது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரித்த திருப்பதி மாவட்டத்தில்தான் பெரிய தொழிற்சாலைகள் அதிகம். ஸ்ரீசிட்டியில் இசுசு வண்டிகள் தயாராகின்றன, அல்ஸ்டாம் மெட்ரோ ரயில் பெட்டிகள் செய்கிறது. ஸ்ரீகாளஹஸ்தி பக்கத்து ராச்சகுன்னேரியில் டக்டைல் இரும்புக் குழாய்கள் வார்க்கிறார்கள். இதுவும் வார்ப்பிரும்புதான். ஆனால் மக்னீசியம் சேர்ப்பதால் கிராஃபைட் செதிலாக இல்லாமல் உருண்டை உருண்டையாக அமைகிறது, உலோகம் முறியாமல் வளைகிறது. கரும்பு ரோலரைக் கடைந்த அனுபவத்தோடு இதைத் தொட்டால் வித்தியாசம் உடனே கைக்குத் தெரியும். திருப்பதியில் ரயில்வேயின் பெட்டி பழுதுபார்ப்புப் பட்டறை இருக்கிறது. ரயில் பெட்டியின் சக்கரம் புதிதாக இருக்கும்போது 915 மில்லிமீட்டர் விட்டம். தண்டவாளத்தில் ஓடி ஓடி இறுகித் தேய்ந்த அதன் முகத்தை, 20-க்கு 1 சரிவோடும் ஓர விளிம்போடும் திரும்பவும் வடிவுக்குக் கொண்டுவருவது வீல் லேத். அங்கேயும் வெட்டுவது ஒற்றை முனைதான். தடித்த கார்பைடு இன்சர்ட்.

சி.என்.எம்.ஜி. 120408 என்று இன்சர்ட் பெட்டியில் எழுதியிருக்கும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் பொருள் உண்டு. சி என்றால் 80 டிகிரி சாய்சதுரம். என் என்றால் கிளியரன்ஸ் பூஜ்யம். எம் என்பது அளவின் துல்லிய வகுப்பு. ஜி என்றால் நடுவில் துளை, இரண்டு முகத்திலும் சுருள் உடைக்கும் பள்ளம். 12 என்பது விளிம்பின் நீளம், 04 தடிமன், 08 என்றால் மூக்கு ஆரம், அதாவது முனை வளைவின் ஆரம், 0.8 மில்லிமீட்டர். ஃபீட் சுற்றுக்கு 0.2 மில்லிமீட்டர் வைத்தால், 0.8 மூக்கு விட்டுச் செல்லும் மேடு கணக்குப்படி 6 மைக்ரான் சொச்சம். 0.4 மூக்கு என்றால் 12 மைக்ரான் சொச்சம். ஃபினிஷ் வரவில்லை என்று புலம்புவதற்கு முன்னால் இந்த ஓர் எண்ணைப் பார்த்தால் போதும். பெட்டியில் நீலம் இருந்தால் எஃகுக்கு, மஞ்சள் ஸ்டெயின்லெஸுக்கு, சிவப்பு வார்ப்பிரும்புக்கு. மாம்பழமும் கரும்பும் வேறு வேறு நிறம்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். கிளியரன்ஸ் பூஜ்யம் என்றால் அந்த இன்சர்ட் உரசத்தானே வேண்டும்? உரசாது. ஹோல்டரிலேயே அதை முன்னோக்கிச் சாய்த்து உட்காரவைத்திருக்கிறார்கள். சாய்வினால் கிளியரன்ஸ் கிடைக்கிறது, ஆனால் ரேக் நெகட்டிவ் ஆகிவிடுகிறது. அதைச் சரிக்கட்டத்தான் மேலே அந்தப் பள்ளம். இரண்டு முகமும் பயன்படும், காசு மிச்சம். ஆனால் வெட்டுவதற்கு அதிக பலம் கேட்கும். சி.என்.சி. எந்திரத்துக்கு அது பொருட்டில்லை. பழைய பெல்ட் லேத்தில் அதே இன்சர்ட்டை மாட்டிவிட்டு “சாட்டர் அடிக்குது, லேத் சரியில்லை” என்கிறார்கள். லேத் சரியாகத்தான் இருக்கிறது. சி.சி.எம்.டி. வகை, அதாவது 7 டிகிரி கிளியரன்ஸ் உள்ள இன்சர்ட்டை, சின்ன மூக்கு ஆரத்தோடு மாட்டுங்கள். பழைய லேத்தும் அமைதியாக வெட்டும்.

தன் கையால் ஒரு டூலைக் கல்லில் பிடித்தவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கேட்லாக்கைப் பார்த்தவுடனே அவனுக்குப் புரியும். இன்சர்ட்டில் இருப்பது அதே ரேக், அதே கிளியரன்ஸ், அதே மூக்கு. வேறு யாரோ பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். கல்லில் பிடிக்காமல் நேராக இன்சர்ட்டுக்குப் போன பிள்ளைகள் முனை உடைந்தால் இன்னொரு முனையைத் திருப்பி மாட்டுகிறார்கள், அதுவும் உடைந்தால் சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லிக்கொடுக்க வேண்டிய இடத்தில் நேரம் ஒதுக்கவில்லை. பல பயிற்சிக்கூடங்களில் கிரைண்டர் ஒரு மூலையில் கல் தேய்ந்து சும்மா கிடக்கிறது.

சித்தூர், திருப்பதிப் பக்கம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் வாத்தியார்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். சி.என்.சி. சிமுலேட்டருக்கு உட்கார வைக்கும் முன்னால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு அரை இஞ்ச் ஹெச்.எஸ்.எஸ். பிட் கொடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், கையுறையைக் கழற்றச் சொல்லுங்கள். அந்த ஒரே பிட்டை முதலில் வார்ப்பிரும்புக்கும், பிறகு ஸ்டெயின்லெஸுக்கும், பிறகு கன்மெட்டலுக்கும் மாற்றி மாற்றிப் பிடிக்க வையுங்கள். மூன்றையும் கடைந்து பார்க்கட்டும். மாணவர்களே, வாத்தியார் கொடுக்காவிட்டால் நீங்களே ஒரு பிட் வாங்கிக்கொண்டு பக்கத்து லேத் பட்டறைக்குப் போய்க் கேளுங்கள். சுத்தமாக வேலை செய்யும் எந்த மேஸ்திரியும் கற்றுக்கொள்ள வருகிற பையனைத் திருப்பி அனுப்ப மாட்டார்.